கிணற்றுக்கு ஒரு சாட்சி

எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் பழனிசாமி பிடி கொடுக்கவே மாட்டார். "கோயம்புத்தூர் பக்கம்தானுங்க" என்பார். கேட்டவர் மேலும் துருவினால், "அப்பெல்லாம் ஏதுங்க இத்தனை காலேஜு" என்று பெருமூச்சு விட்டுப் பேச்சை வீட்டு விலைக்குக் கொண்டுபோய்விடுவார். ஆக்லாந்தில் வீட்டு விலை என்று ஆரம்பித்துவிட்டால் எந்தத் தமிழருக்கும் அதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பது நினைவில் நிற்காது. பல வருடங்களாக இந்த ஏற்பாடு அவருக்குக் கைகொடுத்து வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே கேள்வியை அடுத்தவரிடம் கேட்பதில் அவர் மன்னன். சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் புதிதாக ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் போதும், கூடையைக் கீழே வைத்துவிடுவார். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எங்கே, படித்தது எங்கே என்று படிப்படியாக இறங்குவார். நேரடியாகச் சாதியைக் கேட்பது அநாகரிகம் என்பதில் மனிதர் உறுதியாக இருந்தார். அவருடைய மகள் லக்ஷ்மிப்ரியா இந்த விசாரணை தொடங்கியதுமே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

அவர் படித்தது வெள்ளாங்காடு வேதமாணிக்கம் கல்லூரி. சேரியில் பிறந்து, தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரலில் பாதியை அங்கே கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர் வேதமாணிக்கம். சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும் என்று புறம்போக்கை ஒட்டி நிலம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஊர்ப் பொதுக் கிணற்றுப் பக்கம் அந்தப் பிள்ளைகள் நிழல்கூடப் படக் கூடாது. நாக்கு வறண்ட பிள்ளைக்கு எழுத்து எப்படி ஏறும் என்று சொல்லி, அந்த மனிதர் முதலில் கிணறு வெட்டினார், அதற்கப்புறம்தான் கூரை போட்டார். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் 'யாரும் குடிக்கலாம்' என்று பொறித்து வைத்தார். பள்ளிக்கூடம் வளர்ந்து கல்லூரி ஆனது, கிணறும் ராட்டினமும் அதன் முத்திரை ஆயின. ஊர்க்காரர்கள் மட்டும் கடைசிவரை அதைச் 'சேரிக் காலேஜு' என்றே சொன்னார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் பழனிசாமிக்கு என்ன வேலை என்றால், மதிப்பெண் செய்த வேலை. வேறு எந்தக் கல்லூரியும் அவரைச் சீந்தவில்லை. மாவட்டத்திலேயே முதலில் கம்ப்யூட்டர் படிப்பு தொடங்கியதும் அங்கேதான், யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டதும் அங்கேதான். அந்தக் கல்லூரி மட்டும் இல்லையென்றால் அவர் இன்றைக்கும் அப்பாவின் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் நூல் முடிந்துகொண்டிருப்பார். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "படி. ஆனா அங்க கை நனைக்கப்படாது." அம்மா தூக்குப்போசியில் சோறும் சிவப்பு மூடி போட்ட பாட்டிலில் தண்ணீரும் கொடுத்தனுப்பினாள். மூன்று வருடமும் பழனிசாமி மத்தியானம் தனியாக நடந்து பஸ் ஸ்டாப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

பட்டம் வாங்கினார். வேலை வாங்கினார். கல்யாணம் செய்துகொண்டு நியூசிலாந்து வந்து வீடு வாங்கினார். கல்லூரியின் பெயரை மட்டும் எந்த இடத்திலும் விட்டுவிடாமல் பத்திரமாக மறைத்து வைத்திருந்தார். அந்தப் பெயரைச் சொன்னால் தன்னையும் 'அவங்களில்' ஒருவனாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்பது அவருடைய பயம். பயம் வீண் என்று சொல்ல முடியாது. அவரே அப்படித்தானே கணக்குப் போடுகிறவர்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்க அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார்.

நகர மையத்தில் பழனிசாமி வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் புது அதிகாரியாக வந்தவர் லொரெய்ன். கறுப்பினத்தவர். வந்த சில வாரங்களில் மதிய உணவு நேரத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, தான் படித்த கல்லூரியைப் பற்றிப் பேசினார். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்காக, வேறு எந்தக் கல்லூரியும் கதவு திறக்காத காலத்தில் தொடங்கப்பட்ட கல்லூரி அது. முதல் கட்டடத்துக்குச் செங்கல் சுட்டவர்களே அங்கே படித்த மாணவர்கள்தானாம். தன் பாட்டனார் சுட்ட செங்கல்லும் அந்தச் சுவரில் எங்கோ இருக்கிறது, எது என்று தெரியாததால் போகும்போதெல்லாம் சுவர் முழுவதையும் தடவிப் பார்ப்பேன் என்று சொல்லிச் சிரித்தார். கூட்டம் அவரோடு சேர்ந்து சிரித்தது, ஓரிருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பழனிசாமிக்கு அப்போது வேறு ஒரு கவலை. குழுத் தலைவர் பதவி ஒன்று காலியாக இருந்தது. அதைத் தருவது லொரெய்ன் கையில். பேச்சு முடிந்து சமோசா வரிசையில் அந்த அம்மாள் பக்கத்தில் நிற்க வாய்த்ததும் மனிதருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "என் கல்லூரியும் இதே மாதிரிதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். முப்பது வருடம் பூட்டி வைத்திருந்த வாய், ஒரு சமோசாவுக்கு முன்னால் திறந்துகொண்டது. லொரெய்ன் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் நீங்கள்தான் பேச வேண்டும் என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று முதலில் நடுங்கினார். அப்புறம் யோசித்துப் பார்த்தார். அலுவலகத்தில் இருப்பது வெள்ளைக்காரர்களும் மாவோரிகளும் சீனர்களும். தமிழ் ஆள் ஒருவர்கூட இல்லை. இங்கே சொல்வது ஹில்ஸ்பரோவுக்கு எப்படிக் கேட்கப்போகிறது?

ஹில்ஸ்பரோ முக்கியம். நகரத்தின் அந்தப் புறநகரில்தான் விநாயகமூர்த்தி இருந்தார். ஊரில் பொதுப்பணித்துறையில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, மகன் வெற்றியோடு வந்து குடியேறியவர். நம்மவர். வெற்றிக்கும் லக்ஷ்மிப்ரியாவுக்கும் பேசி முடித்தாயிற்று. பிள்ளைகள் இரண்டு மூன்று தடவை காப்பிக் கடையில் சந்தித்துக்கொண்டார்கள். "ஹீ இஸ் ஓகே அப்பா" என்றாள் லக்ஷ்மிப்ரியா. பிசியோதெரபிஸ்ட், தன் காலில் நிற்கிற பெண், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அவள் வாயிலிருந்து ஓகே வருவதே பெரிது என்று பழனிசாமியும் ரத்னாவும் சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். கடல் கடந்து வந்தும் நம்மவர்களுக்குள்ளேயே பெண்ணைக் கொடுப்பதுதான் அவருடைய வாழ்நாள் சாதனையாக இருக்கப்போகிறது.

பேச்சு நாள் வந்தது. பழனிசாமி எழுதி வைத்துப் படித்தார். வேதமாணிக்கத்தின் இருமல், கிணறு, கூரை எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. அவரை வாழ்க்கையில் யாரும் அப்படி வாய் பார்த்துக் கேட்டதில்லை. வீட்டில் ரத்னாகூடப் பாதியில் எழுந்து போய்விடுவாள். அந்த மயக்கத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து, எழுதியதில் இல்லாத ஒன்றைச் சொன்னார். "மூன்று வருடம் நாங்கள் எல்லாரும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் குடித்தோம். நானும் குடித்தேன். இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்பது அந்தத் தண்ணீர்தான்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. லொரெய்ன் அழுதேவிட்டார். உங்கள் மக்கள் பட்ட பாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஒரு வெள்ளைக்காரர் வந்து தோளைத் தொட்டார். 'உங்கள் மக்கள்' என்று அவர் யாரைச் சொல்கிறார் என்பது பழனிசாமிக்குச் சட்டென்று உறைத்தது. இல்லை ஐயா, நான் அந்தப் பாடு பட்டவன் இல்லை, படுத்தியவர்கள் வகையறா என்று சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நன்றி என்றார். பதவியும் பத்து நாளில் வந்தது.

அதோடு ஒரு வீடியோவும் வந்தது. நிறுவனம் அவருடைய பேச்சைத் தன் பக்கத்தில் போட்டது. அதை முதலில் கண்டுபிடித்தவள் லக்ஷ்மிப்ரியா. வேலையிலிருந்து வந்தவள் ஷூகூடக் கழற்றாமல் வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, ஏன் சொல்லவே இல்ல?" என்று தமிழில் கேட்டாள். கடையில் நீங்கள் எல்லாரையும் அந்தக் கேள்வி கேட்கும்போது எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும் தெரியுமா, உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். மகள் தன்னிடம் மன்னிப்புக் கேட்டு அவர் கண்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில், அவள் வீடியோவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. வெற்றிக்கும் அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் விநாயகமூர்த்தி போன் செய்தார். அதுவரை வாய் நிறையச் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்று, "பழனிசாமி சார், நல்லா இருக்கீங்ளா?" என்றார். அந்த 'சார்' காதில் விழுந்ததுமே பழனிசாமி எழுந்து நின்றுவிட்டார்.

"வீடியோ பார்த்தனுங்க. இங்கிலீசு நல்லாப் பேசறீங்க."

"ஏதோ ஆபீஸ்ல கேட்டாங்கன்னு."

"நீங்க நம்மாளுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க. உங்க பெரியப்பாவையே எனக்குத் தெரியும். ஆனா ஊர்ல என் தம்பி, சித்தப்பா எல்லாருக்கும் அது போயிருச்சு. சேரிக் காலேஜ்ல சேர்ந்து புழங்கின குடும்பமான்னு கேக்கறாங்க. படிச்சது பரவால்லீங்க, கவுருமெண்டே படிக்கச் சொல்லுது. குடிச்சேன்னு சொல்லீருக்கீங்களே."

"அய்யோ, அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க. ஒரு வாய் குடிச்சதில்லீங்க. வூட்லிருந்து பாட்டில்தான்."

"நீங்க சொன்னா நான் நம்பறனுங்க. ஆனா வீடியோல குடிச்சேன்னு சொல்றதும் உங்க வாய்தானுங்களே. வேற ஒரு வாய் சொன்னா நல்லது. கூடப் படிச்சவங்க யாராச்சும் இந்த ஊர்ல இருக்காங்ளா?"

ஒருவர் இருந்தார். அதுதான் கொடுமை.

போனை வைத்ததும் ரத்னா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "உங்களை யாரு அங்க குடிக்கச் சொன்னது?"

"நான் குடிக்கலடி."

"அப்புறம் எதுக்குக் குடிச்சேன்னு சொன்னீங்க?"

இதற்குப் பதவி உயர்வு என்று ஒரு பதில் இருந்தது. அந்த நேரத்தில் அது எடுபடாது என்று தெரிந்து கார் சாவியை எடுத்தார்.

அந்தோணிசாமி அவருடைய வகுப்புத்தோழர். மவுண்ட் ராஸ்கில்லில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர், தலித் கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவர். ஆக்லாந்து வந்த புதிதில் அவரை மளிகைக் கடையில் பார்த்த பழனிசாமி பருப்பு வரிசையிலிருந்து நழுவி, சம்பந்தமே இல்லாமல் நாய்த் தீனி வரிசையில் வெகு நேரம் நின்றார். பார்த்தால் பேச வேண்டும், பேசினால் எங்கே பழக்கம் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். அன்றிலிருந்து தூரத்தில் அந்தத் தலை தெரிந்தாலே திரும்பி நடப்பது வழக்கமாகிவிட்டது. அந்தோணிசாமியும் ஒரு நாளும் பின்னால் வந்து கூப்பிட்டதில்லை.

இப்போது அவர் வீட்டு வாசலில் போய் பழனிசாமி மணியடித்தார். கதவைத் திறந்த அந்தோணிசாமி ஒரு கணம் பார்த்தார். "வா பழனி" என்றார், நேற்றுதான் பிரிந்ததுபோல. நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல் பழனிசாமி வெறுமனே சிரித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

"வீடியோவை நம்ம பேட்ச் குரூப்ல போட்டிருக்காங்க" என்றார் அந்தோணிசாமி. "ரெண்டு நாளா உன் பேச்சுதான். நூற்றாண்டு விழாவுக்கு உன்னையக் கூப்பிடணும்னு சொல்றாங்க. நல்லாப் பேசுன பழனி. வேதமாணிக்கம் ஐயாவப் பத்தி இங்கிலீஷ்ல ஒருத்தர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல."

 பழனிசாமிக்குப் பாராட்டை ருசிக்க நேரமில்லை. வந்த காரியத்தைச் சுற்றி வளைத்து, மகளுக்குக் கல்யாணம் என்று தொடங்கி, மூச்சு வாங்கி, கடைசியில் போட்டு உடைத்தார்.

"நான் அந்தக் கிணத்துல தண்ணி குடிக்கலைன்னு நீங்க சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லணுங்க."

அந்தோணிசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாரு. எங்க தண்ணிய நீ தொடலைன்னு, நான் வந்து சாட்சி சொல்லணும்."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல எப்படி எடுத்துக்கிட்டா சரின்னு நீயே சொல்லிரு பழனி."

  அந்தோணிசாமி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அதுல ஒரு சிக்கல் இருக்கு. நீ குடிச்சிருக்கியே."

"இல்லீங்க. எங்க அம்மா குடுத்த பாட்டில்."

"உங்க அம்மா குடுத்தது பதினோரு மணிக்கே தீந்துரும். அந்தத் தகரக் கூரை லேப்ல யாருக்கும் தீந்துரும். நீ நாக்கு வறண்டு உக்காந்திருப்ப, கேக்கவும் மாட்ட. நீ புங்கமரத்துக்குப் போறப்ப பாட்டில டெஸ்க்குக்குள்ளயே வெச்சிட்டுப் போவ இல்லியா, காலி பாட்டில் எதுக்குன்னு. நானும் ராசையனும் கிணத்துல எறைச்சு நெரப்பி வெச்சிருவோம். மொதல்ல விளையாட்டுக்குத்தான் செஞ்சோம், அத மறைக்கல. துரைக்குத் தீட்டு குடுக்கறோம்னு சிரிச்சோம். அப்புறம் ஒரு நாள் நெரப்ப மறந்துட்டோம். நீ ப்ராக்டிகல் எக்ஸாம்ல தலை சுத்தி விழுந்துட்ட. அதுக்கப்புறம் சிரிக்கல, ஆள் மாத்தி ஆள் நெரப்பினோம். வெளிய தெரிஞ்சா உங்கப்பா படிப்ப நிறுத்திருவாருன்னு மொத்த கிளாஸும் வாயத் தொறக்கல."

பழனிசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தெரியாதுன்னு சொல்லப் போறியா?" என்று அந்தோணிசாமி சாவகாசமாகக் கேட்டார். "காலி பாட்டில வெச்சிட்டுப் போயி, திரும்பி வந்து நெறஞ்ச பாட்டில எடுத்துக் குடிப்ப. மூணு வருஷம். யாரு நெரப்புனான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

கேட்டதில்லை. தெரியாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வீட்டுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். மத்தியானத் தண்ணீர் அப்படி இருக்காது, தொண்டையில் இறங்கும்போதே உடம்பு குளிரும். அந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரிந்திருந்தது. நாக்குக்குத் தெரிந்ததை மண்டை வரை ஏறவிடாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். முப்பது வருடம் கழித்து ஒரு மேடையில் அது தானாக வாய் வழியே வந்துவிட்டது. பழனிசாமிக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்திலும் அவருக்கு முதலில் தோன்றியது ஹில்ஸ்பரோதான்.

"இத மட்டும் அவர்கிட்ட சொல்லிராதீங்க" என்றார்.

அந்தோணிசாமி அதை விட்டுவிட்டு வேறு கேட்டார். "உன் பொண்ணுக்கு இந்தப் பையன் புடிச்சிருக்கா?"

"ஓகேன்னு சொல்லுச்சுங்க."

"சரி. போன்ல வேண்டாம். நேர்ல வர்றேன்." என்ன சொல்லப் போகிறார் என்று சொல்லவில்லை. கேட்கும் தைரியமும் பழனிசாமிக்கு இல்லை.

மறுநாள் மாலை விநாயகமூர்த்தி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கல்லூரி நண்பர் வருகிறார் என்று மட்டும்தான் லக்ஷ்மிப்ரியாவிடம் சொல்லியிருந்தார்கள். அவள் அந்தோணிசாமியைக் கண்டதும் எழுந்து போய், "அங்கிள், அந்த வெல் இன்னும் இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். இருக்கிறது, மோட்டார் போட்டுவிட்டார்கள், எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது என்று அவர் சொன்னார். அடுத்த தடவை இந்தியா போகும்போது என்னைக் கூட்டிப்போகிறீர்களா என்றாள்.

விநாயகமூர்த்தியின் மனைவி காப்பி கொண்டுவந்தார். எல்லாருக்கும் வெள்ளி விளிம்பு போட்ட டம்ளர், அந்தோணிசாமிக்கு மட்டும் ஒரு தடித்த பீங்கான் கோப்பை. குழாய் ரிப்பேர்காரரும் எலக்ட்ரீஷியனும் வந்தால் அந்த வீட்டில் எடுக்கும் கோப்பை அது. கெஸ்ட்டுக்குப் பெரிய கப் என்று அந்த அம்மாள் சிரித்தார். லக்ஷ்மிப்ரியா தன் டம்ளரையும் அந்தக் கோப்பையையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தாள். அந்தோணிசாமி நன்றி சொல்லிக் குடித்தார்.

விநாயகமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார் தப்பா நினைக்கப்படாது. நாங்கெல்லாம் சாதி பாக்கற ஆளுங்க இல்லீங்க. ஊர்ல பெரியவங்க கேக்கறாங்க, அவ்வளவுதான். இவரு அங்க படிக்கறப்ப, உங்காளுங்க கூடச் சேர்ந்து தண்ணி கிண்ணி குடிச்சதுண்டுங்ளா?"

 லக்ஷ்மிப்ரியா டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.  அந்தோணிசாமி நினைத்தால் ஒரே வார்த்தையில் முப்பது வருடக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம், தீர்த்துக்கொண்டால் அது நியாயமும்கூட. அந்தோணிசாமி பழனிசாமியைப் பார்த்தார். வகுப்பில் பாட்டிலை எடுக்கும்போது பின் பெஞ்சிலிருந்து பார்த்த அதே பார்வை என்பது பழனிசாமிக்கு இப்போதுதான் விளங்கியது.

"இல்லைங்க" என்றார் அந்தோணிசாமி. "ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. அதுல ரொம்பக் கறாரான ஆளு."

விநாயகமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பச் சரி. அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க, இதுக்கு மேல என்னங்க வேணும்? சம்பந்தி, காப்பி ஆறுது பாருங்க." ரத்னா தாலிக்கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள் லக்ஷ்மிப்ரியா. "நீங்க குடிச்சேன்னு சொன்னீங்களே."

எல்லாரும் பழனிசாமியைப் பார்த்தார்கள். அன்றைக்கு மேடையில் பொய்யென்று நினைத்து அவர் சொன்னது மெய். இன்றைக்கு அதைப் பொய்யென்று ஒப்புக்கொண்டால் சம்பந்தம் நிற்கும். இவ்வளவு சுலபமான கேள்விக்கு அவர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அது பேச்சுக்குச் சொன்னதும்மா."

அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். வரவில்லை. மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கும்போது இருக்கிற அந்த முகம்தான் திரும்பி வந்தது. அவள் விநாயகமூர்த்தி பக்கம் திரும்பினாள். இந்த முறை ஆங்கிலம் கலக்காமல், தடுக்கித் தடுக்கித் தமிழிலேயே பேசினாள்.

"அங்கிள், நான் சின்ன வயசுலேர்ந்து எல்லார் வீட்லயும் சாப்பிட்டிருக்கேன். சமோவன் வீடு, மாவோரி வீடு, யார் வீடுன்னு தெரியாத வீடு. எல்லார் தண்ணியும் குடிச்சிருக்கேன். எனக்கு யாரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வரணும்?"

"அது வேறம்மா" என்றார் விநாயகமூர்த்தி. "அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க. தோஷமில்ல."

லக்ஷ்மிப்ரியா வெற்றியைப் பார்த்தாள். வெற்றி, "டாட், விடுங்களேன்" என்று தொலைபேசியைப் பார்த்தபடி சொன்னான். அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அவன் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு அந்தோணிசாமி பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க பஸ்லதானே வந்தீங்க? வாங்க, நான் வீட்ல விடறேன்."

அந்தோணிசாமி எழுந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். குடித்த கோப்பையைச் சமையலறைத் தொட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பழனிசாமியின் தோளில் ஒரு தடவை தட்டிவிட்டு அவள் பின்னால் போனார்.

ரத்னா அழத் தொடங்கினாள். விநாயகமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பழனிசாமி பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். "இங்கத்திய பிள்ளைங்க, என்ன செய்யறது? ஆனா ஒண்ணுங்க, உங்க மேல ஒரு குத்தமும் இல்லைன்னு ஊருக்கு நான் சொல்லிடறேன். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்."

"நன்றிங்க" என்றார் பழனிசாமி.

சன்னல் வழியே கார் தெரிந்தது. அந்தோணிசாமி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார், மகள் அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஹில்ஸ்பரோவிலிருந்து மவுண்ட் ராஸ்கில் அப்படி ஒன்றும் தூரமில்லை. முப்பது வருடமாக வாய் திறக்காத அந்த மனிதர், அந்தச் சின்ன தூரத்துக்குள் அவளிடம் மட்டும் பாட்டில் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று பழனிசாமி தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டார். சொல்ல மாட்டார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லிராதீங்க என்று முந்தின நாள் தானே அல்லவா கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.